வாசகர் கேள்வி–பதில்: பொலோனியாவுக்கு அரை நாள் போதுமா?

கேள்வி: மே மாதம் ரோம், புளோரன்ஸ், வெனிஸ் செல்கிறோம். வழியில் பொலோனியாவில் அரை நாள் இறங்கினால் போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. புளோரன்சிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாம் என்பதாலேயே பலர் இந்த நகரத்தை இரண்டு ரயில்களுக்கு நடுவே பார்த்து முடித்துவிடுகிறார்கள். இரண்டு இரவுகளாவது தங்குங்கள். அதற்காக வெனிசில் ஒரு நாளைக் குறைத்தாலும் தவறில்லை என்பேன்.

பொலோனியாவை நடந்துதான் பார்க்க வேண்டும். 1088-ல் தொடங்கியதாகக் கருதப்படும் பல்கலைக்கழகத்தைத் தேடி மாணவர்கள் வந்து குவிந்தபோது, இடம் போதாமல் வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருவின்மேல் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண்களை முட்டுக் கொடுத்தார்கள். இதைத் தடுப்பதற்குப் பதிலாக, புதிய வீடு கட்டுவோர் தாழ்வாரம் விட்டே கட்ட வேண்டும் என்று 1288-ல் நகர நிர்வாகம் சட்டமே இயற்றியது. இன்று அந்தத் தாழ்வாரங்களின் மொத்த நீளம் சுமார் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இசோலானி மாளிகையின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள்: மூன்றாவது மாடியைத் தாங்கி நிற்கும் நெடிய மரத்தூண்கள், பிற்காலக் கல்தூண்களெல்லாம் எதிலிருந்து பிறந்தன என்பதைக் காட்டும். கால் வலுவுள்ளவர்கள் சான் லூக்கா குன்றுக்குத் தாழ்வாரத்தின் 666 வளைவுகளின் கீழே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், வெயில் படாமலே ஏறிச் செல்லலாம்.

சான் பெத்ரோனியோ பேராலயத்துக்கு மட்டும் நேரம் பார்த்துப் போங்கள். வானியலாளர் காசினி 1655-ல் அதன் தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடுப்பகல் கோட்டை அமைத்தார். மேற்கூரையின் சிறு துளை வழியே இறங்கும் ஒளி வட்டம், தரையில் மெல்ல நகர்ந்து வந்து, உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைத் தொடும். கடிகாரப்படி மே மாதத்தில் அது பகல் ஒரு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் நிகழும். வானில் மேகம் இல்லாத நாளில், பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றுகொள்ளுங்கள்.

இரட்டைக் கோபுரங்களைக் கீழிருந்து பார்ப்பதோடு நிறைவடையுங்கள். அவற்றில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டாவின் நிலை கவலை தந்ததால் 2023 அக்டோபரில் சுற்றுப்புறம் மூடப்பட்டது. பக்கத்துக் கோபுரமான அசினெல்லியில் ஏறுவதும் நிறுத்தப்பட்டது.

கேள்வி: ஸ்பாகெட்டி போலோனீஸை அது பிறந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எப்படிக் கேட்பது?

பதில்: "தாலியாத்தெல்லே அல் ரகூ" என்று கேளுங்கள். மெல்ல வெந்த இறைச்சிக் குழம்பான ரகூவை இந்த ஊர்க்காரர்கள் ஸ்பாகெட்டியில் ஊற்றுவதில்லை. வழுவழுப்பான நூலில் குழம்பு நிற்காது. முட்டை சேர்த்துப் பிசைந்து, கட்டையால் தேய்த்து, நாடாவாக நறுக்கிய தாலியாத்தெல்லேயின் சொரசொரப்பில்தான் அது ஒட்டும். வெந்த தாலியாத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-லும், ரகூவின் செய்முறையை 1982-லும் உள்ளூர் வணிகச் சங்கத்தில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். இதை வெறும் விளம்பரமாக நான் நினைக்கவில்லை. கைப்பக்குவம் கைமாறும்போது கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

பியாட்ஸா மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிய குவாட்ரிலாத்தெரோ சந்துகளில் காலையில் நடந்தால், "ஸ்ஃபோல்யீனா" எனப்படும் மாவுக்காரப் பெண்கள் வேலை செய்வதைக் காண வாய்ப்புண்டு. மஞ்சள் மாவை நீண்ட கட்டையால் துணி போல விரித்து, சிறு சதுரங்களாக நறுக்கி, நடுவில் சுண்டைக்காய் அளவு இறைச்சிப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலில் சுற்றி முனைகளை அழுத்திவிடுவார்கள். அதுதான் டோர்ட்டெல்லினி, இறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டு உண்பது இங்குள்ள வழக்கம்.

கேள்வி: என் மனைவி சைவம். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

பதில்: ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அடைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தரும் டோர்ட்டெல்லோனி நல்ல தேர்வு, பெயர் டோர்ட்டெல்லினியைப் போல ஒலிப்பதால், சொல்லும்போது கவனம் வேண்டும். மாவில் முட்டை உண்டு. மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது; கண்டிப்பானவர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும். ரொட்டி வகைகளிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால், வாங்குமுன் "செந்ஸா ஸ்த்ருத்தோ?" என்று கேட்டுக்கொள்ளுங்கள், கொழுப்பு சேர்க்காததா என்று பொருள்.