மூச்சு பழகிவிட்டது, எலும்பு பழகவில்லை: உடற்பயிற்சி கேள்வி-பதில்

ஓட ஆரம்பித்து ஒன்றரை மாதம். முதலில் ஒரு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. இப்போது 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். ஆனால் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஷூவை மாற்றவா?

ஷூவைவிட, தூரத்தை நீங்கள் கூட்டிய வேகத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம். உடலின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பயிற்சிக்குப் பழகுவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா முதல் ஓரிரு வாரங்களிலேயே கூடிவிடும். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் நுண் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகும். உங்களுக்கு மூச்சு வாங்குவது குறைந்தது இப்படித்தான்.

எலும்பு நிதானமாகத்தான் வரும். புதுச் சுமை விழுந்ததும் பழைய எலும்பை முதலில் அரித்தெடுத்து, பிறகுதான் புதிதாகக் கட்டும். இந்தச் சுற்று முடிய 3, 4 மாதங்கள் ஆகும். நடுவில் தூரத்தைக் கூட்டினால், ஓடு மாற்றப் பிரித்துப் போட்ட கூரையில் மழை பெய்த கதைதான்.

வலிக்கும் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழாக விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளமாகப் பரவிய வலி, ஓடத் தொடங்கும்போது இருந்து உடல் சூடானதும் குறைகிறது என்றால் எலும்பு உறையின் எரிச்சலாக இருக்கலாம். தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். காலடிகளுக்கு இடையிலான தூரத்தைச் சுருக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். படியின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை உயர்த்தி, 3 நொடி எடுத்து மெல்ல இறக்குங்கள். 12 முதல் 15 முறை, 3 செட்.

அப்படியில்லாமல் வலி ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்துகிறதா? ஒற்றைக்காலில் குதித்தால் வலிக்கிறதா, இரவில் படுத்திருக்கும்போதும் இருக்கிறதா? எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே வரும். அதை நம்பித் திரும்ப ஓடிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும்.

ஜிம்மில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்த மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்கிறார் பயிற்சியாளர். உண்மையா?

இல்லை. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். உங்கள் வலியோ மறுநாள்தான் தொடங்கி, 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகிறது. சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது (ஸ்குவாட்டில் கீழே இறங்கும் கட்டம்) தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யும் வேலையின் வலி இது. படி ஏறுவதைவிட இறங்கும்போது அதிகம் வலிப்பதும் இதனால்தான். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் நாளில் 2 செட் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுச் சமாளிப்பது சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல்.

வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். 220-இல் வயதைக் கழித்து நாடித்துடிப்பை வைத்துக்கொள்ளலாமா?

உங்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பை ஏறவிடாது. 162 என்று கணக்குப் போட்டு அதைத் துரத்தினால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவீர்கள். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரி. பயிற்சிக்காக மாத்திரையை விடாதீர்கள். நெஞ்சு இறுக்கமோ தாடை, கை வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

எனக்குச் சர்க்கரை உண்டு. நடந்தால் சர்க்கரை குறைகிறது. வேக ஓட்டம் ஓடினால் ஏறுகிறது. மீட்டர் பழுதா?

மீட்டர் சரிதான். சுருங்கி விரியும் தசை, இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால் நடையில் குறைகிறது. முழு வேகத்தில் ஓடும்போது அட்ரினலின் ஏறி, கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள குளுக்கோஸைக் கொட்டுகிறது. தசை எடுப்பதைவிட அது அதிகமாகிவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். ஓடி முடித்ததும் 10 நிமிடம் மெல்ல நடந்தால் நல்லது.

இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஒரு பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாளே நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை அபாயம் குறைவு. கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், கிளம்பும் முன் மீட்டரில் சர்க்கரை 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு சிறிய வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 70-க்குக் கீழ் போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கையில் சர்க்கரை இல்லாமல் அதிகாலை நடைக்குப் போகவே கூடாது.

காய்ச்சலால் 3 வாரம் பயிற்சி விட்டுப்போயிற்று. எல்லாம் போய்விட்டதா?

தசை வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும். முதலில் குறைவது பிளாஸ்மாதான். அதனால் அதே வேகத்துக்கு நாடி அதிகமாகத் துடிக்கும், ஓரிரு வாரத்தில் சரியாகும். முதல் வாரம் தூரம் பாதி, ஜிம்மில் பழைய எடையில் 70 சதவீதம். காய்ச்சல் முழுவதும் விட்டபின் தொடங்குங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் இருந்தால், காய்ச்சல் இதயத் தசையைத் தொட்டிருக்கக்கூடும், முதலில் ஈ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.