யூத ராணுவ வீரரின் இறுதிச் சடங்கு

கேள்வி: பக்கத்து வீட்டு யூதப் பெரியவர் கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், உடம்பு சரியில்லை. காலமானால் ராணுவ மரியாதையும் யூதச் சடங்கும் சேர்ந்து நடக்குமா? சீருடை போடுவார்களா? நாங்கள் என்ன கொண்டுபோகலாம்?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தாராளமாகச் சேர்ந்து நடக்கும். இடிப்பது நேரம்தான். யூதர்கள் முடிந்தால் மறுநாளே அடக்கம் செய்துவிடுவார்கள். வெள்ளி அந்தியிலிருந்து சனி இரவு வரை ‘சப்பாத்’ என்ற வாராந்தர ஓய்வு நாள். அப்போது அடக்கம் கிடையாது. ராணுவ மரியாதையோ குடும்பம் கேட்டால்தான் வரும். கேட்பதற்கு ‘டிடி-214’ என்ற, படையிலிருந்து விடுபட்டதற்கான சான்று வேண்டும். துக்க வீட்டில் அதைத் தேடியே ஒரு நாள் போய்விடும். செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்கலாம்தான். ஆனால் 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் 1973 தீ விபத்தில் அழிந்தன. பெரியவர் அந்தக் காலத்து ஆள். சான்று எங்கே என்று பிள்ளைகள் இப்போதே அவரிடம் கேட்டு வைக்கட்டும்.

மரபுப்படி சீருடை இல்லை. ‘செவ்ரா கடிஷா’ குழுவினர் உடலை நீராட்டி, பையே வைக்காத வெள்ளை ஆடை உடுத்துவார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் அதே துணிதான். எளிய மரப்பெட்டி, மூடியே இருக்கும். அதன்மேல் ஐந்தடிக்கு ஒன்பதரை அடி தேசியக் கொடி, நட்சத்திரப் பகுதி இடது தோள் பக்கம் வருமாறு.

கல்லறையில் குறைந்தது இரண்டு வீரர்கள் வருவார்கள், ஒருவராவது அவர் இருந்த தரைப்படையைச் சேர்ந்தவர். பியூகிள் என்ற ஊதுகொம்பில் ‘டாப்ஸ்’ என்ற அஞ்சலி இசை ஒலித்ததும் கொடியை நீலம் மட்டும் வெளியே தெரிய முக்கோணமாக மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுப்பார்கள். கொடி குழிக்குள் இறங்கவோ தரையில் படவோ கூடாது. ஆகவே மடித்த பிறகே பெட்டியை இறக்க வேண்டும். இந்த வரிசையை ரபியும் (யூத மதகுரு) வீரர்களும் முன்னதாகவே பேசிக்கொண்டால் அங்கே தடுமாற்றம் வராது.

பிறகு உறவினர்களே மண் தள்ளுவார்கள். முதலில் மண்வெட்டியின் பின்புறத்தால் அள்ளுவது வழக்கம். விரும்பிச் செய்யும் வேலை இல்லை என்பதன் அடையாளம் அது. உங்களையும் அழைத்தால் போடுங்கள். முடித்ததும் அடுத்தவர் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்திவிடுங்கள். கடைசியில் ‘கதிஷ்’ என்ற பிரார்த்தனையைச் சொல்ல வயதுவந்த யூதர் பத்துப் பேர் வேண்டும். அவசர அடக்கத்தில் ஆள் குறைவது இங்கேதான்.

மாலை, பூ வேண்டாம். துக்கம் காக்கும் ஏழு நாளில் சாப்பாடு கொடுப்பது பெரிய உதவி. கோஷர் (யூத உணவு விதி) பார்ப்பவர்களா என்று முதலில் கேளுங்கள். பார்ப்பவர்கள் என்றால் வீட்டில் சமைத்ததைத் தவிர்த்து, நறுக்காத முழுப் பழங்கள் கொடுக்கலாம்.