பதினாறாம் நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் வணிகச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஐம்பது நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வைத்து, நிறுவன உரிமையாளர்களோடு தொடர்பில்லாத சார்பற்ற இயக்குநர்களின் எண்ணிக்கைக்கும் இலாபத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும்படி நெறியாளர் சொல்கிறார். முந்தைய தீர்ப்புகளை வழிகாட்டியாகக் கொள்ளும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபு வந்த நாடுகளில் முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு அதிகம் என்ற, லா போர்ட்டா என்ற பொருளியலாளர் குழுவினரின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையே என் அடிப்படை. இந்தத் தலைப்பு போதுமா? இதைத் தமிழில் எழுதலாமா? வெளிநாட்டு ஆய்விதழில் வெளிவர என்ன செய்ய வேண்டும்? எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம், அதற்கும் என் ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் உங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

க., சேலம்

அன்புள்ள க.,

உங்கள் கேள்விகளுக்காக அல்ல, அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். சென்ற வாரம் அப்பாவின் பழைய பேரேடுகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பட்டறை வீட்டுப் பிள்ளை ஒருவர், பட்டறைக்கும் வணிகச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருந்தது உறைத்தது.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். தமிழில் எழுதலாம், உங்கள் பல்கலைக்கழக விதி இடம் கொடுத்தால். வெளிநாட்டு ஆய்விதழைப் பற்றி எழுத ஏதாவது கிடைத்த பிறகு கவலைப்படலாம். சார்பற்ற இயக்குநர்களைப் பற்றி என்றால், பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் அவ்வாறிருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்வதால், அந்த எண்ணிக்கை பெரும்பாலும் சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதற்காக வைத்த எண்ணிக்கையாகவே இருக்கும். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பேர்போன பேராசிரியர்கள் இருந்தார்கள். 2008 டிசம்பரில் நிறுவனரின் குடும்பத்தாருடைய இரண்டு கம்பெனிகளை வாங்கும் திட்டத்துக்கு அவர்கள் இருந்த அவைதான் ஒப்புதல் கொடுத்தது, மூன்று வாரத்தில் கணக்கே பொய் என்று தலைவரே கடிதம் எழுதினார். இதை ஐம்பது ஆண்டறிக்கையும் கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனையும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நீங்கள் தலைமேல் வைத்துக்கொண்டாடும் அந்த 1998 கட்டுரையையாவது முழுக்கப் படித்திருக்கலாம். 49 நாடுகளை எடுத்துக்கொண்ட அந்த நால்வரும் ஏட்டில் உள்ள விதிகளை ஒருபுறமும், நீதிமன்றமும் அரசும் அவற்றை நடைமுறைப்படுத்தும் தரத்தை மறுபுறமும் தனித்தனியாக அளந்தார்கள். நீங்கள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டீர்கள். இரண்டாம் பாதி உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

1994-இல் எனக்குப் பதினாறு வயது. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் வெள்ளிக்கட்டியை எடைபோட்டுக் கொடுப்பார். அப்பாவும் இரண்டு ஆட்களும் அதை உருக்கிக் கம்பியாக இழுத்து, வளையம் கோத்து, பற்றவைத்து, மெருகேற்றிக் கொலுசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். சேதாரம் போக எடை சரியாக நிற்க வேண்டும், கால் கிராம் குறைந்தாலும் அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள். கூலியைத்தான் அன்றைக்குத் தர மாட்டார்கள். அதை வாங்கிவர ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை அனுப்புவார் அப்பா. கடையில் வழவழப்பான ஒரு பெஞ்சு இருந்தது. நான் அதில் ஒன்றரை மணி நேரம் உட்காருவேன், கணக்குப்பிள்ளை பாதி டீ வாங்கித் தருவார், பிறகு சிட்டையைப் புரட்டிவிட்டு, “தீபாவளி கழியட்டும்னு அப்பாகிட்ட சொல்லு” என்பார். பாக்கி எவ்வளவு என்பதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. எங்கள் பேரேட்டிலும் அவர் பேரேட்டிலும் தொகை ஒன்றாகவே இருந்தது.

அப்போதே அதற்கு ஒரு சட்டம் இருந்தது என்பது பத்து வருடம் கழித்து ஒரு நூலகத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சிறுதொழில்களுக்குத் தாமதமாகப் பணம் தருவோர் வட்டி கட்ட வேண்டும் என்ற சட்டம் 1993-இல் வந்துவிட்டது. ஓடிவந்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அதில் ‘சப்ளையர்’ என்பதற்கு, தொழில் துறையின் நிரந்தரப் பதிவுச் சான்றிதழ் வைத்திருப்பவர் என்று பொருள் சொல்லியிருந்தது. அப்பாவிடம் ரேஷன் அட்டையைத் தவிர எந்தச் சான்றிதழும் இருந்ததில்லை. அவர் அந்த வரி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. “சரி, வட்டி வாங்கிட்டோம்னு வச்சுக்கோ. அடுத்த கட்டி யார் குடுப்பா?” என்று கேட்டுவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

இதைத்தான் உங்களை ஆராயச் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பழைய சட்டத்தைவிடப் பல மடங்கு கண்டிப்பானது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ஒப்பந்தமே இல்லையென்றால் சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்டு 15 நாள் கழிந்ததும், பதினாறாம் நாளிலிருந்து தாமதம்தான். (பதினாறாம் நாள் என்றால் நம்மூரில் வேறு காரியம்தான் நினைவுக்கு வரும். சட்டம் எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.) தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற அடிப்படை வட்டியைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் புகார்களை விசாரிக்க அரசு அமைத்த அவையின் தீர்ப்பை எதிர்த்து, சரக்கை வாங்கியவர் நீதிமன்றம் போனால் முதலில் தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். போதாதென்று 2019-இல், 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகையையும் காரணத்தையும் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது.

ஏட்டளவில் இதைவிடக் கறாரான பாதுகாப்பைக் கேட்க முடியாது. ஆனால் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் கம்பெனி அல்ல, தனி உரிமையாளர். பதிவாளருக்கு அவர் எந்தப் படிவமும் அனுப்ப வேண்டியதில்லை. பட்டறைக்காரர் இந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் வேலையை ஒப்புக்கொள்ளுமுன் செய்திருக்க வேண்டும் என்ற பொருளில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025-இல் இன்னோர் அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. இவை எல்லாம் பட்டறைக்குச் சாதகமாகவே முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் அப்பாவின் கேள்வி அங்கேயே நிற்கிறது. ஒரே கடையை நம்பியிருப்பவர் எத்தனையாவது நாளில் புகார் கொடுப்பார்? இரண்டு கடைக்கு வேலை செய்பவர் கொஞ்சம் முந்துவாரா? தொழிலை மூடிவிட்டவர்கள் மட்டும்தான் மனுப் போடுகிறார்களா? என் சந்தேகம் கடைசியில் சொன்னதுதான். ஆனால் அது சந்தேகம் மட்டுமே, பேரேட்டையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது தேதி பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘அறவே மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டம் போட்ட வினாத்தாளை எடுத்துக்கொண்டு கொலுசுப் பட்டறைகள் இருக்கும் சிவதாபுரத்துக்கும் பனங்காட்டுக்கும் போகாதீர்கள். தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை இதுவரை அவருடைய பாக்கிக் கணக்கைக் கேட்டதில்லை என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

என்னிடம் இருக்கும் பேரேடுகள் மூன்று. 1994-ஆம் ஆண்டுப் பக்கங்களில் கட்டி வந்த தேதியும் கொலுசு போன தேதியும் மையில் இருக்கின்றன. கூலி வந்த தேதிகளை மட்டும் அப்பா பென்சிலில் எழுதியிருக்கிறார், பல இடங்களில் அழித்து அழித்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அவர் கையெழுத்து சுலபத்தில் பிடிபடாது, நானே கூட உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.