டிரையல்ஸ் வண்டி வாங்கலாமா, சேஸிஸை அறுக்கலாமா?

அண்மையில் வந்த கடிதங்களுள் டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் பற்றியவை மிகுந்திருந்ததால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இது வேகப் போட்டி அன்று. பாறை, ஓடை, மரவேர், செங்குத்துச் சரிவு ஆகியவற்றின் ஊடே நாடா கட்டிக் குறித்த பாதையைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, இரு முறைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் 3, விழுந்தாலோ நாடாவைத் தாண்டினாலோ 5. புள்ளி குறைந்தவரே வெல்கிறார்.

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் ஸ்பெயினில் தயாரான 300 சிசி டிரையல்ஸ் வண்டி ஒன்று விலைக்கு வந்துள்ளது. வெளிநாட்டவர் ஒருவர் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது என்றும், கார்னெட் தாள் கையில் இருக்கிறது என்றும், தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு ஆர்.சி. எதற்கு என்றும் விற்பவர் சொல்கிறார். முன்பணம் அனுப்பலாமா? (வாசகர், காங்கேயம்)

பதில்: அனுப்ப வேண்டாம். கார்னெட் என்பது ஒரு பொருளை வரி செலுத்தாமல் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவந்து, குறித்த காலத்துக்குள் திருப்பிக் கொண்டுபோவதற்கான தாள். இங்கே விற்பதற்கான தாள் அன்று. அவ்வாறு தங்கிவிட்ட வண்டியைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம், அப்போது அது யார் தோட்டத்துச் சாளையில் நிற்கிறதோ அவருக்குத்தான் நட்டம். முறையாக இறக்குமதியான வண்டி என்றால் சுங்கவரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியின் ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு நேரில் ஒப்பிடுங்கள். எண்ணின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலோ, எழுத்துகள் வரிசை பிசகி இருந்தாலோ பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். பழைய வண்டிகளை இறக்குமதி செய்வதற்கு, தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருப்பதால், பத்து வயதான வண்டியை 'இப்போதுதான் இறக்கினோம்' என்று ஒருவர் சொன்னால் அதை நம்புவதற்கில்லை.

தோட்டத்துக்கு ஆர்.சி. வேண்டாம் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு பொது இடத்தோடு நிற்காமல், வேறு எந்த இடத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஒரு தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போகக் குறுக்கே ஊராட்சிச் சாலை இருந்தால், அந்த இருபது அடியைக்கூட இந்த வண்டியில் கடக்க முடியாது; தள்ளிக்கொண்டோ, டெம்போவில் ஏற்றியோதான் போக வேண்டும். இன்னொன்று, தம்முடைய ஒரே வண்டியை விற்கும் தனிநபர் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்காது. பணம் போனால் போலீசும் சிவில் நீதிமன்றமும்தான்.

கேள்வி: என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இருக்கிறது. சீட்டையும் பின்பக்கச் சேஸிஸையும் அறுத்துவிட்டு, ஹேண்டில் கழுத்தின் சாய்வையும் மாற்றி வெல்டு வைத்து டிரையல்ஸ் வண்டியாக்கித் தருவதாகக் கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். தொகையும் கட்டுப்படியாகிறது. செய்யலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பட்டறைக்காரரின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை; பம்பு வார்ப்பிலும் மில் உதிரிப்பாகங்களிலும் பழகிய கை அது. ஆனால் கேட்கும் வேலை தவறானது. போட்டிக்கெனத் தயாராகும் டிரையல்ஸ் வண்டியின் எடை ஏறத்தாழ 70 கிலோ. பெட்ரோல் டேங்க் இரண்டு மூன்று லிட்டர்தான் கொள்ளும். சீட் என்று ஒன்றே கிடையாது. உங்கள் வண்டியோ 150 கிலோவுக்கு மேல். சீட்டையும் பின் குழாய்களையும் அறுத்தால் சில கிலோ குறையலாம், பாதியாகக் குறையாது. கழுத்துப் பகுதியை அறுத்து ஒட்டுவது இன்னும் ஆபத்து. பாறையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முழு அடியையும் வாங்குவது அந்த இடம்தான். விரிசல் பெரும்பாலும் வெல்டின் நடுவில் விழாமல், சூடுபட்ட குழாயில் வெல்டின் ஓரத்தை ஒட்டி மயிரிழைபோலத் தொடங்கும். மேலே பெயின்ட் இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

சட்டமும் இடம் தராது. தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் உள்ள விவரமும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இதைத்தான்.

அதே பணத்தைக் கழற்றி மாட்டக்கூடிய பாகங்களில் போடுங்கள். முதல் செலவு ஃபுட்ரெஸ்ட்: போல்ட்டில் மாட்டும் பிராக்கெட் செய்து, ஃபுட்ரெஸ்ட்டைச் சற்றுத் தாழ்த்திப் பின்னுக்குத் தள்ளினால், நின்றுகொண்டு ஓட்டும்போது உடல் எடை பின்சக்கரத்தின் மேல் விழும். அகலமான, பல் வைத்த மிதியாக இருக்க வேண்டும். அடுத்தது பின் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். பற்கள் கூடினால் முதல் கியரில் நடை வேகத்துக்கு வண்டி இறங்கும், கிளட்ச் பிளேட்டும் பிழைக்கும். செயினில் கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் 4 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்று. அதைப் போல்ட்டில் மாட்டுங்கள், வெல்டு வேண்டாம், ஏனெனில் இத்தட்டுக்கு எடுக்கும் 6061 வகை அலுமினியம் வெல்டு பட்ட இடத்தில் வலுவிழக்கும்.

டயர் காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிரையல்ஸ் போட்டியாளர்கள் பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. மட்டுமே வைத்து ஓட்டுவதைப் பார்த்துவிட்டு நீங்களும் அவ்வாறு இறக்காதீர்கள். அவர்களுடைய பின்சக்கரம் டியூப் இல்லாதது, வண்டியும் பாதி எடை. உங்கள் வண்டியில் காற்றை அவ்வளவு குறைத்தால் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும், கூடவே டியூபும் இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டுக்கொண்டு 12 முதல் 15 வரை இறக்கிப் பழகலாம். சாலையில் ஏறுமுன் பழைய அளவுக்கு அடித்துவிட வேண்டும். ராலி கிட் என்று ஹீரோவே விற்றது வண்டியை உயர்த்துவதற்கானது. வேகமாகப் பள்ளம் மேடு தாண்டுபவருக்கு அது பயன்படும்; பாறையில் மெல்ல ஏறுபவருக்கு உயரம் கூடுவது இடைஞ்சலே.

கேள்வி: ராயல் என்ஃபீல்டு புல்லட் டிரையல்ஸ் 350 செகண்ட் ஹேண்டில் வருகிறது. பெயரிலேயே டிரையல்ஸ் இருப்பதால் அதையே வாங்கிவிடலாமா? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: பாறை ஏறுவதற்கு என்றால் வேண்டாம், அழகுக்கும் சேகரிப்புக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் போட்டியை ஜானி பிரிட்டன் என்பவர் ராயல் என்ஃபீல்டில் வென்றார். அந்த நினைவுக்காக 2019 மார்ச்சில் இங்கே விற்பனைக்கு வந்து, அடுத்த ஆண்டே நின்றுபோன வண்டி இது. உயர்த்திய சைலன்சர், ஒற்றை சீட், கட்டம் கட்டமாகப் பூ வைத்த டயர் நீங்கலாக உள்ளே சாதாரணப் புல்லட்தான். எடையும் 180 கிலோவுக்கு மேல். ஆர்.சி.யில் மாடல் பெயர் என்னவென்று பாருங்கள், சாதாரணப் புல்லட்டுக்கு இந்த வேடம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கைமாறும் நாளிலேயே உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35ம் வேண்டும்.

கேள்வி: முறையான தாள்களோடு வாங்கிய இத்தாலிய டூ ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டி எங்கள் பங்காளி வீட்டில் இருக்கிறது. கிளட்ச் லிவர் பிடித்தால் திரும்பி வர மறுக்கிறது. உள்ளூர் மெக்கானிக் கிளட்சிலும் பிரேக் ஆயிலையே ஊற்றினார். இரண்டு மாதம் நிறுத்திவைத்த பிறகு ஸ்டார்ட்டும் ஆகவில்லை. (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். இவ்வகை வண்டிகளுள் பலவற்றில் பிரேக்குக்கு டாட் 4 திரவமும், கிளட்சுக்கு மினரல் ஆயிலும் ஊற்ற வேண்டும். இரண்டிலும் உள்ள ரப்பர் சீல்கள் வேறு வேறு வகை. மினரல் ஆயிலுக்கான சீல் பிரேக் திரவம் பட்டால் ஊதிப்போய் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். பிரேக் சீலில் மினரல் ஆயில் பட்டாலும் இதே கதைதான், அங்கே அது உயிருக்கே ஆபத்து. எதை ஊற்ற வேண்டும் என்பது லிவருக்குப் பக்கத்திலுள்ள சிறு தொட்டியின் மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். இனி ஆயிலை மாற்றி ஊற்றுவதால் மட்டும் சரியாகாது: மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டையும் கழற்றி, எல்லா ரப்பரையும் புதிதாகப் போட்டு, குழாயையும் சுத்தம் செய்த பிறகே உரிய ஆயிலை நிரப்ப வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் கார்பரேட்டரில் தங்கிய பெட்ரோல். இப்போது பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். அலுமினியத்தையும் பித்தளையையும் அரித்து, கார்பரேட்டரில் பெட்ரோல் செல்லும் ஊசிமுனை அளவே உள்ள துளையான பைலட் ஜெட்டை அடைக்கும். யெஸ்டி, ராஜ்தூத் ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் பழக்கத்தை அவர்களிடமே கற்கலாம். அளவை மட்டும் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பழைய வண்டிகளைவிட இவற்றுக்கு ஆயில் மிகக் குறைவு. அன்றன்று வேண்டியதை மட்டும் கலந்து, ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிட வேண்டும்.

நம் பக்கத்துக்கென்றே இரண்டு சேர்க்கிறேன். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர்க் கடினநீரின் உப்பு, குடிநீர்ப் பாத்திரத்தில் படிவதைப்போல நுண்குழாய்களில் படியும். நடை வேகத்தில் ஓடும் இவ்வண்டிக்குக் காற்றோட்டமே குறைவு, மின்விசிறியை நம்பித்தான் எஞ்சின் ஆறுகிறது. வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டால், ஸ்விங் ஆர்ம் பேரிங்குகளின் மேலும் பின் சஸ்பென்ஷனின் இணைப்புகளின் மேலும் நேராக அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். கிரீஸ் வெளியேறி, செம்மண் சேறு உள்ளே போய்விடும்.

கேள்வி: வண்டி வாங்கத் தொகை தயார். எந்தக் கம்பெனி நல்லது? (வாசகர், பீளமேடு)

பதில்: வண்டியின் தரத்தைவிட, கம்பெனி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்குமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதையே முதலில் பார்ப்பேன். இத்தொழிலின் வரலாறு அப்படிப்பட்டது. 1944இல் பார்சிலோனாவில் மான்டெசா என்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான புல்தோ, அந்நிறுவனம் பந்தயத்தை விட்டதை ஏற்காமல் 1958இல் வெளியேறிப் புல்டாகோவைத் தொடங்கினார். வட அயர்லாந்தின் சாமி மில்லரைக் கொண்டு அவர்கள் உருவாக்கிய ஷெர்பா வண்டி, 1965இல் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்று, கனமான ஆங்கிலேய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தை முடித்துவைத்தது. அந்தப் புல்டாகோவே எண்பதுகளில் மூடப்பட்டது. 1985இல் தோன்றிய கேஸ் கேஸ் நிறுவனம் 2015இல் கடனில் மூழ்கி, கைமாறி, பின்னர் கேடிஎம் குழுமத்திடம் சென்றது. ஸ்கார்பா என்ற நிறுவனத்தை 2009இல் ஷெர்கோ என்ற நிறுவனம் வாங்கியது. ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஜோர்டி தாரெஸ் தொடங்கிய டிஆர்ஆர்எஸ், அண்மைக் காலத்து நிறுவனம்.

இந்தக் கூட்டத்தில் மான்டெசாவுக்குப் பின்னால் ஹோண்டா இருக்கிறது. 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலகப் பட்டம் வென்ற டோனி போ ஓட்டுவதும் அதைத்தான். இத்தாலியின் பீட்டா 1905இலிருந்து இருக்கும் குடும்ப நிறுவனம். பாகம் கிடைப்பதை வைத்துப் பார்த்தால் என் தேர்வு இவ்விரண்டும்தான். புதிதாகப் பழகுபவர் 300 சிசிக்குப் போக வேண்டாம், 250 போதும். அதிலும் திராட்டில் அதிகம் துள்ளினால், எஞ்சினைப் பிரிக்காமல், அதோடு சுழலும் கனச் சக்கரமான ஃபிளைவீலுக்கு எடை சேர்த்து மென்மையாக்கலாம். பழகிய பின் கழற்றிவிடலாம். வண்டி விலையோடு கிளட்ச் பிளேட், லிவர்கள், சீல் கிட், பின் டயர் ஆகியவற்றின் விலையையும் முதல் நாளே கூட்டிப் பாருங்கள், அவையும் கப்பலில்தான் வர வேண்டும்.

கேள்வி: பட்டறையில் செய்து வாங்கிய பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் சில வாரங்களிலேயே மழுங்கிவிட்டன. பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? (வாசகர், அவிநாசி)

பதில்: பில் இருந்தால் முடியும். அதில் என்ன இரும்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஸ்ப்ராக்கெட்டுக்கு ஈ.என்.8 என்ற எஃகு வகையை எடுத்து, பற்களை ஹார்டனிங் செய்து, அதாவது சூடேற்றிக் கடினமாக்கி இருக்க வேண்டும். அரம் ஒன்றைப் பல்லின் மேல் இழுத்தால் வழுக்காமல் கடிக்கிறது என்றால் ஹார்டனிங் ஆகவில்லை என்று பொருள். முதலில் பட்டறைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் செயினோடு சேர்த்து எடுத்துவையுங்கள். ஆணையம் பரிசோதனைக்குக் கேட்டால் கொடுக்க வேண்டியது அதுதான்.