படங்களை அழித்தும் டிஸ்க் காலியாகவில்லை

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வரைபடத் தரவு வைக்க உதவும் நீட்சி) ஏற்றிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் பாதியை டெலீட் செய்தும் டிஸ்கில் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு எதுவும் இல்லை, போஸ்ட்கிரெஸ் அப்படித்தான். அழித்த வரிசைகளை செத்தவை என்று குறித்துக்கொள்ளுமே தவிர ஃபைலைச் சுருக்காது. சாதாரண வேக்குவம் (செத்த வரிசைகளைத் துப்புரவு செய்யும் கட்டளை) அந்த இடத்தை அடுத்து வரும் படங்களுக்கு விட்டுவைக்கும், அவ்வளவுதான். வேக்குவம் ஃபுல் போட்டால் டிஸ்கில் இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது டேபிளையே புதிதாக எழுதும். முடியும்வரை யாரும் டேபிளைத் தொட முடியாது, புதுப் பிரதிக்கும் இடம் வேண்டும். டிஸ்க் நிரம்பி வழியும் நேரத்தில் ஓட்டிவிடாதீர்கள்.

அதற்கு முன், ஏற்றும்போது 2, 4, 8 என்று ஓவர்வியூ (படத்தை அத்தனை மடங்கு சிறிதாக்கிய பிரதி) போட்டீர்களா? அவை தனி டேபிள்கள். மூல டேபிளில் அழித்தால் அங்கே தானாக அழியாது. மூன்றும் சேர்ந்தால் மூலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்.

இனி வரும் படங்களை டிஃப்ளேட் சுருக்கத்தோடு (தரம் குறையாத சுருக்கம்) ஜியோடிஃப் ஃபைல்களாக (இட விவரமும் சேர்ந்த படக் கோப்பு) டேட்டாபேஸுக்கு வெளியே வைத்துவிட்டு, டேபிளில் பாதையை மட்டும் பதியுங்கள் (ஏற்றும் கட்டளையில் -R, பெரிய ஆர், சேர்த்தால் போதும்). என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒன்று, டேட்டாபேஸ் பேக்கப்பில் படங்கள் வராது. அவற்றுக்குத் தனி பேக்கப் எடுக்க வேண்டும்.