பிரிண்ட் சர்வரில் ஒரு பிரிண்ட் வேலை 'டிலீட்டிங்' என்றே நின்றுவிடுவது ஏன்?

ஆபீஸில் யார் பிரிண்ட் கொடுத்தாலும் அது நேராக பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் எல்லோருடைய பிரிண்டையும் வாங்கி அனுப்பும் கணினியான சர்வரில் ஃபைலாக இறங்கி வரிசையில் நிற்கும். அந்த வரிசையை நடத்துவதுதான் ஸ்பூலர்.

மாட்டுத்தாவணியில் வெளியேறும் வாசலில் ஒரு பஸ் பழுதாகி நின்றால், பின்னால் நல்லபடியாக இருக்கிற திருச்சி பஸ்ஸும் நெல்லை பஸ்ஸும் நகர முடியாது. பாதியில் நெட்வொர்க் அறுந்து வந்த ஃபைல், பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) பொருந்தாத ஃபைல் எல்லாம் அப்படித்தான் வழியை அடைக்கும். டிலீட் கொடுத்தும் போகாததற்குக் காரணம், ஸ்பூலர் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பதே.

ஆகவே முதலில் பிடியை விடுவியுங்கள். சர்வரில் சர்வீசஸ் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் வழியாக பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குப் போனால், வழக்கமாக ஒரு வேலைக்கு எஸ்பிஎல், எஸ்எச்டி என்று பெயர் முடியும் இரண்டு ஃபைல் இருக்கும். நேரம் பார்த்து, சிக்கியதன் ஜோடியை மட்டும் அழியுங்கள்; மற்றவர்கள் கொடுத்தது தப்பும். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள். பிறகு ஸ்டார்ட்.

அதன்பிறகும் ஆஃப்லைன் என்றால், கரண்ட் போய் வந்ததில் பிரிண்டரின் ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறியிருக்கலாம். சர்வரில் அந்த பிரிண்டரின் போர்ட் அமைப்பில் சரிபாருங்கள்.

பிரிண்டரை அணைத்துப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கிய ஃபைல் இருப்பது சர்வரின் டிஸ்கில்.