வால்வைத் திறந்தவர்கள்

வணக்கம்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காலத்தில் கதை, நாவல் என்று நிறையப் படித்தவன். 2019 கோடையில், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, எங்கள் அடுக்ககத்துக்கு நான்தான் சங்கச் செயலாளர், மொத்தம் 48 வீடுகள். போர்வெல் வற்றிவிட்டது. மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தோம், தனியார் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வால்வைத் திறப்பது என்று முடிவு செய்தோம். அப்போதுதான் மனிதர்களின் உண்மையான முகத்தைப் பார்த்தேன். நாலு பேர் மதிக்கிற டாக்டர் ஒருவர் ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்த் தன் பக்கத்து வால்வைத் திறந்துவைத்தார், வாட்ச்மேனை எழுப்பி மூடச் சொன்னேன். தினமும் காலையில் வாட்ஸாப் குழுவில் திருக்குறள் போடுகிறவர், தன் வீட்டுப் பால்கனியில் இரண்டு பெரிய டிரம் நிரப்பி வைத்திருந்தார். கேட்டதற்கு என் சாதியைச் சொல்லித் திட்டினார். தண்ணீர் இல்லையென்றால் படிப்பு, பண்பு எல்லாம் இரண்டே நாளில் கழன்றுவிடும், மனிதன் அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதை படிக்கவே மனம் வரவில்லை. நேரிலேயே இவ்வளவு பார்த்தவனுக்கு இலக்கியம் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது?

கே.

பி.கு.: லாரிக் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, தூக்கிப் போடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புள்ள கே.,

முதல் தடவை படித்தபோது சிரிப்புதான் வந்தது. அந்தத் திருக்குறள்காரர் எல்லா அடுக்ககத்திலும் ஒருவர் இருக்கிறார். மறுபடி படித்தபோது வேறொன்று உறுத்தியது. கடிதம் முழுக்க வீட்டுக்காரர்கள்தான் வருகிறார்கள். வாட்ச்மேன் ஒரே ஒரு இடத்தில் வருகிறார், அதுவும் தூக்கத்திலிருந்து எழுப்பப்படுவதற்காக. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஒரு வரியில்கூட இல்லை. 48 வீட்டுப் பாத்திரங்களை அந்தக் கோடையிலும் யாராவது கழுவித்தானே இருப்பார்கள்? அவர்கள் தெருவுக்கு லாரி எத்தனை மணிக்கு வந்தது, அதைப் பிடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள்? உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை, செயலாளருக்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு தெருமுனையில் கருப்பு சின்டெக்ஸ் தொட்டி ஒன்று உண்டு. அந்த வருஷம் மே, ஜூன் மாதங்களில் அதைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக நிற்கும், பச்சை, ஆரஞ்சு, நீலம், பிடியில் அடையாளத்துக்குக் கட்டிய ரிப்பன், கழுத்தில் பெயின்ட்டால் எழுதிய இனிஷியல். குடம் இல்லாதவர்கள் விரிசல் விட்ட பழைய பக்கெட்டையோ அரைச் செங்கல்லையோ வைத்து இடம் பிடித்திருப்பார்கள், அதை யாரும் நகர்த்த மாட்டார்கள். லாரி வந்தால் முதல் சுற்றில் வீட்டுக்கு நாலு குடம், எல்லோருக்கும் கிடைத்த பிறகுதான் அடுத்த சுற்று. சாவு விழுந்த வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் வரிசை கிடையாது. இதையெல்லாம் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, எழுதி ஒட்டவும் இல்லை. சண்டை நடந்ததா என்றால் நடந்தது, முடியைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு நடந்தது. ஸ்கூட்டரில் போகிறவர் அதை மட்டும் பார்த்துவிட்டு ஆபீஸில் போய் 'தண்ணிக்கு அடிச்சிக்கிறாங்க சார்' என்று சொல்லியிருப்பார். மற்ற நாளெல்லாம் அந்த வரிசை ஒழுங்காக நகர்ந்தது செய்தியே இல்லை.

ஒரு குடம் சுமார் பதினைந்து லிட்டர் பிடிக்கும். எட்டுக் குடம் என்றால் 120 கிலோ. அதை இடுப்பில் வைத்து இரண்டாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, அதன்பிறகு நம் வீட்டுக்கு வருகிறவரிடம்தான் 'குழாயை மெதுவாத் திற' என்று சொல்லியிருக்கிறோம்.

உங்கள் அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. வால்வைத் திறந்தவர் திறந்தார்தான். ஆனால் அனுபவம் என்பது நாம் எந்த இடத்தில் நிற்கிறோமோ அங்கிருந்து தெரிகிறது மட்டும்தான். செயலாளர் கண்ணுக்குத் திருட்டு தெரியும், அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. திருடாத நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் என்ன செய்து சமாளித்தன என்பது தெரியாது. பிறகு அந்த இரண்டு பேரை வைத்து 'மனிதன் அவ்வளவுதான்' என்று கணக்கை முடித்துவிடுகிறோம். வங்கியில் இப்படி ஒரு லெட்ஜரை முடித்திருந்தால் நீங்களே விட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, இலக்கியம் இதில் என்ன செய்யும்? அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை நீங்கள் படித்திருக்கலாம். 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம்தான் களம். வரிசை இருக்கிறது, குடம் இருக்கிறது, சாக்கடை கலந்து வரும் குழாய்த் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் அசோகமித்திரன் வரிசையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடவில்லை, குடத்தோடு கூடவே வீட்டுக்குள் போகிறார். அங்கே ஜமுனா இருக்கிறாள், சினிமா ஆசை காட்டி அவளை ஒருவன் சீரழித்திருக்கிறான். தங்கை சாயா இருக்கிறாள், அவளுக்கு அவளுடைய கோபங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற இடத்துக்கு ஜமுனா வந்து நிற்கும்போது பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஆறுதல் வார்த்தை எதையும் தேடுவதில்லை, நோயாளிக் கணவனோடும் மாமியாரோடும் தான் படுகிற பாட்டைச் சொல்கிறாள். அப்புறம் தண்ணீர் பிடிக்கிற வேலை பாட்டுக்கு நடக்கிறது. குழாயடியில் அந்த மூன்று பேரையும் நீங்கள் பார்த்திருந்தால் குடம் தூக்கும் மூன்று பெண்களைத்தான் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை சண்டைக்காரிகள் என்றுகூட நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உங்கள் டாக்டரை ஒரு நாவலாசிரியர் கையில் கொடுத்தால், வால்வைத் திறந்துவிட்டு அவர் எந்த வீட்டுக்குள் போனார், அங்கே யார் விழித்திருந்தார்கள் என்று பார்க்காமல் விடமாட்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு அம்மா இருக்கலாம். யாருமே இல்லாமல், வெறும் பேராசையாகவும் இருக்கலாம், அதையும் அவர் எழுதித்தான் ஆகவேண்டும். டாக்டரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அபராதம் போட்டீர்களா இல்லையா என்று கடிதத்தில் இல்லை, போட்டிருக்க வேண்டும்.

இலக்கியத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுதுகிறவர்களும் ஏதோ ஒரு இடத்தில் நின்றுதான் பார்க்கிறார்கள். தமிழில் ரொம்ப காலத்துக்குத் தண்ணீரைப் பற்றி எழுதியவர்களில் பலர், கிணற்றில் தாராளமாக இறைக்க முடிந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒன்று இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான். தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' 1992-ல் வந்தது. அதில் நாயக்கர் வீட்டுப் பெண் எட்ட நின்று உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்ற, கைகளைக் குவித்து வாயில் வைத்து பாமாவின் பாட்டி குடிக்கிறார். அந்த வீட்டில் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திருக்குறள்காரர் உங்கள் சாதியைச் சொல்லித் திட்டினார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, பழியைத் தண்ணீர்ப் பஞ்சத்தின் மேல் போட்டுவிட்டீர்கள். இரண்டு டிரம் தண்ணீருக்காக அந்த வார்த்தை அவர் வாயில் புதிதாக முளைத்திருக்குமா? லிஃப்டில் சிரித்துப் பேசியபோதும் அது அங்கேதான் இருந்தது, வெளியே வர ஒரு காரணம் கிடைக்கவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை எந்தப் பஞ்சத்தோடு சேர்ப்பது? பற்றாக்குறைதான் மனிதனைக் கெடுக்கிறது என்ற விளக்கம் நமக்கு வசதியாக இருக்கிறது. மழை பெய்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடலாம் இல்லையா.

படித்தால் மனிதன் நல்லவனாவானா என்று அடுத்து கேட்பீர்கள். மாட்டான். நன்றாகப் படித்த அயோக்கியர்களை எனக்கே தெரியும், நல்ல கவிதையைக் கண்கலங்கப் படித்துவிட்டு வாட்ச்மேனை 'டேய்' என்று கூப்பிடுகிறவர்கள். என்னைப் பொறுத்தவரை படிப்பதால் கிடைப்பது இன்னும் சின்னது. யாரை நாம் இதுவரை பார்க்கவே இல்லை என்று அவ்வப்போது சந்தேகம் வரும். சிலருக்கு அதுவும் வருவதில்லை.

ஜோலார்பேட்டையிலிருந்து 2019 ஜூலை 12 அன்று முதல் தண்ணீர் ரயில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்தபோது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர் என்று நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த எண்கள் எல்லாம் பத்திரமாகப் பதிவாகிவிட்டன. உங்கள் பின்குறிப்பில், லாரிக் கணக்கு எழுதிய நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, தூக்கிப் போடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். போடாதீர்கள். தேதி, நேரம், லிட்டர், கொடுத்த பணம், ராத்திரியில் லாரிக்குக் கேட்டைத் திறந்து கையெழுத்துப் போட்டவர் யார், எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் அது வாட்ச்மேன் கையெழுத்தாகத்தான் இருக்கும், அவர் எந்த ஊர்க்காரர், அந்த மாதம் எங்கே குளித்தார் என்று முடிந்தால் விசாரித்து எழுதுங்கள். கதையாக வரவேண்டும் என்று அவசியமில்லை, எனக்குக் கடிதமாகவே அனுப்பலாம். அப்புறம், உங்கள் கட்டடத்தின் மழைநீர் சேகரிப்புக் குழியை இந்த மழைக்கு முன் யாராவது தூர் வாரினார்களா?